டிராகன் டேக்கும் எங்க வீட்டு பீரோ மேல இருந்த கோப்பையும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை சங்கராபுரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல கரும்பு டிராக்டர் பாட்டு போட்டுக்கிட்டுப் போகும், மயில் கத்தும். எதையும் எடிட் பண்ணப்போறதில்ல. மேற்கால கல்வராயன் மலை தெரியுது. பொங்கல் லீவு இன்னையோட முடியுது, ராத்திரி சென்னை பஸ்.

விஷயம் ஒரு பிளாஸ்டிக் தகட்டுல ஆரம்பிக்குது. என் டீம்ல ஒருத்தர் அமெரிக்காவுல இருந்து வேலை பாக்குறார். ஒருநாள் மீட்டிங்ல அவருக்குப் பின்னாடி ஒரு பை மாட்டியிருந்துச்சு, அதுல உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு தொங்குது. அதுல ஒரு டிராகன். நான் என்ன நினைச்சேன், பிரதீப் ரங்கநாதன் படத்துக்கு அங்க வரைக்கும் ஃபேன் இருக்காங்களான்னு. கேட்டா, 'இது டிஸ்க் கால்ஃப் டேக், இப்போ என்கிட்ட இருக்கு, அடுத்த சனிக்கிழமை இருக்குமான்னு தெரியாது'ன்னார். அந்த "இப்போ என்கிட்ட இருக்கு"ங்கிற வார்த்தைதான் என்னைப் புடிச்சுக்கிச்சு. "என்னோடது"ன்னு அவர் சொல்லல.

டிஸ்க் கால்ஃப் தெரியாதவங்களுக்கு: கால்ஃப் மாதிரியேதான், ஆனா பந்துக்குப் பதிலா தட்டு. குழிக்குப் பதிலா, இரும்புக் கம்பத்துல சங்கிலி தொங்கும், கீழ ஒரு கூடை. தட்டை எறிஞ்சா சங்கிலியில பட்டு கூடையில விழணும். யார் குறைஞ்ச வீச்சுல முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இதுக்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பீ தயாரிச்ச வாம்-ஓ கம்பெனியில வேலை பாத்தவர். 1975ல கலிஃபோர்னியாவுல ஓக் குரோவ் பூங்காவுல முதல் நிரந்தர மைதானம் வந்துச்சு. 1976ல தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தை ஆரம்பிச்சார், அதுல உறுப்பினர் எண் 1 அவரேதான். 2002ல இறந்தப்போ அவர் ஆசைப்படியே அஸ்தியை பிளாஸ்டிக்ல கலந்து தட்டு வார்த்தாங்க. நம்ம ஊர்ல காவிரியில கரைப்போம், அவர் காத்துல பறக்கணும்னு நினைச்சிருக்கார்.

நம்ம பக்கம் தட்டுன்னா பெசன்ட் நகர், திருவான்மியூர் பீச்ல அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடுறவங்களைப் பாத்திருப்பீங்க. ரெஃப்ரியே இல்லாம, ஃபவுலையும் தாங்களே பேசித் தீத்துக்குவாங்க. டிஸ்க் கால்ஃப்லயும் அதே குணம் கொஞ்சம் இருக்கு. அது எங்க தெரியும்னா, இந்த டேக்ல தெரியும்.

ஒரு லீக்ல 40 பேர் சேர்றாங்கன்னு வெச்சுக்குங்க. 1ல இருந்து 40 வரைக்கும் நம்பர் போட்ட டேக் ஆளுக்கொண்ணு. பையில மாட்டிக்கணும். சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஆடப்போறாங்க, அவங்ககிட்ட 3, 11, 12, 27 இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் நாலு டேக்கையும் கழட்டி ஒண்ணா வெப்பாங்க. முதல்ல வந்தவருக்கு 3, அடுத்தவருக்கு 11, இப்படி. 27 வெச்சிருந்தவர் நல்லா ஆடிட்டா ஒரே நாள்ல 3க்குப் போயிடுவார். 3 வெச்சிருந்தவருக்கு வயித்தால போச்சுன்னா 27. அவ்ளோதான் ரூல்.

எனக்கு இதுல என்ன புடிச்சதுன்னா, 40 டேக் எப்பவும் 40தான். புதுசா எதுவும் உருவாகாது, எதுவும் அழியாது, கை மட்டும் மாறுது. எங்க பாஷையில இதை இன்வேரியன்ட்னு சொல்லுவோம், எந்த ஆபரேஷன் நடந்தாலும் மாறாம இருக்க வேண்டிய ஒரு உண்மை. அப்புறம் இதுக்கு சென்ட்ரல் சர்வர் தேவையில்ல. பாயின்ட் டேபிள் வேணாம், எக்ஸெல் ஷீட் வேணாம், நடுவுல ஒரு கமிட்டி உக்காந்து கணக்கு பாக்க வேணாம். நாலு பேர் ஒரு மரத்தடியில நின்னு மாத்திக்கிட்டா அந்த நாலு பேர் அளவுக்கு லிஸ்ட் சரியாயிடுது. வாராவாரம் வேற வேற நாலு பேர், வருஷக் கடைசியில மொத்த லீக்கும் கிட்டத்தட்ட வரிசையில நிக்கும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் பத்தி நான் படிச்சப்போ யாரும் எனக்கு இவ்ளோ அழகா சொல்லித்தரல.

நம்பர் டேக்குக்கு மேல சில லீக்ல ஒரு ஸ்பெஷல் டேக் வெச்சிருப்பாங்க. நம்ம ஆளோட டிராகன் அந்த வகை. ஒண்ணே ஒண்ணுதான். அதை வெச்சிருக்கிறவர் ஆட வரும்போதெல்லாம் கொண்டுவரணும், கூட ஆடுறதுல யாராவது ஜெயிச்சுட்டா அங்கேயே கழட்டிக் கொடுத்துடணும். (டிராகன்ங்கிற பேர்லயே ஒரு தட்டும் இருக்கு, இன்னோவா கம்பெனி தயாரிப்பு. அது தண்ணியில மிதக்கும். குளத்துப் பக்கத்துல ஆடுறவங்க வாங்குவாங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, தெரிஞ்சதை சொல்லிட்டேன்.) நம்மகிட்ட டிராகன் இல்லைன்னு நினைக்காதீங்க. கோயில் தூண்ல சிங்க உடம்பும் யானைத் தும்பிக்கையுமா நிக்கிற யாளி இருக்கு. நாளைக்கு நம்ம ஊர்ல ஒரு லீக் வந்தா டேக்ல யாளியைத்தான் போடணும்.

அந்த நண்பர் இன்னொண்ணும் சொன்னார். டிராகன் கைக்கு வந்து மூணு வாரம் ஆனப்புறம் ஒரு சனிக்கிழமை உடம்பு சரியில்லைன்னு ஆடப் போகலையாம். உண்மையில உடம்புக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு வர்றதா இருந்த ஒருத்தர்கிட்ட தோத்துடுவோம்னு பயம். அதுக்காகத்தான் அவங்க லீக்ல ஒரு ரூல் வெச்சிருக்காங்க. இத்தனை நாளைக்குள்ள ஆட வரலைன்னா டேக்கைத் திருப்பிக் கொடுத்துடணும். எங்க வேலையில இதுக்கு லீஸ் டைம்-அவுட்னு பேர். ஒரு ப்ராசஸ் லாக்கை வாங்கிட்டு செத்துப்போச்சுன்னா மொத்த சிஸ்டமும் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கக்கூடாது இல்லையா, அதுக்கு.

ஜெயிச்சவன் தோத்தவன்கிட்ட இருந்து ஒரு பொருளை எடுத்துக்கிட்டுப் போறது நமக்குப் புதுசு இல்ல. சங்க காலத்துல ஒவ்வொரு அரசனுக்கும் ஒரு காவல்மரம் இருக்கும். படையெடுத்து வர்றவன் அதை வெட்டுவான், அந்த மரத்துலயே முரசு செஞ்சு தன் ஊருக்குக் கொண்டுபோவான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவுல இருந்தவங்களோட கடம்ப மரத்தை வெட்டி முரசு செஞ்சதை பதிற்றுப்பத்து சொல்லுது. எங்க ஊருக்கு வடக்க செங்கம் பக்கம் போனா நடுகல் நிறைய கிடைச்சிருக்கு. பல கல்லு மாடு கவர்ந்த சண்டையில, மாடு மீட்ட சண்டையில செத்தவங்களுக்கு வெச்சது. கவர்ந்து போறதுக்கு வெட்சின்னு பேர், மீட்டுட்டு வர்றதுக்கு கரந்தைன்னு பேர். மாட்டுக்கூட்டம் அதேதான், கை மாறிக்கிட்டே இருந்திருக்கு. என்ன, அங்க தோத்தவன் கல்லாயிடுவான். தட்டு எறியறதுல அந்தப் பிரச்சினை இல்ல.

கை மாற வேண்டிய பொருள் கை மாறாம நின்னுட்டா என்ன ஆகும்? உலகக் கால்பந்துக் கோப்பையைப் பாருங்க. மூணு தடவை ஜெயிக்கிற நாட்டுக்கே ஜூல்ஸ் ரிமே கோப்பை சொந்தம்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. பிரேசில் 1958, 1962, 1970ல ஜெயிச்சு சொந்தமாக்கிக்கிச்சு. 1983 டிசம்பர்ல ரியோவுல சங்க அலுவலகத்துல இருந்து திருட்டுப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அதே கோப்பை 1966ல லண்டன்லயும் ஒரு தடவை திருடு போச்சு. அப்போ வாக்கிங் போன பிக்கிள்ஸ்னு ஒரு நாய் புதருக்கடியில கண்டுபுடிச்சுது. ரியோவுல நாய் கிடைக்கல போல. இப்போ இருக்கிற கோப்பையை எத்தனை தடவை ஜெயிச்சாலும் யாரும் சொந்தமாக்க முடியாது, கையில கொடுத்து அனுப்புறது தங்க முலாம் பூசின நகல்.

இதுல நம்ம கதை ஒண்ணு இருக்கு. 2022ல மாமல்லபுரத்துல 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு, ஞாபகம் இருக்கும். நேப்பியர் பாலத்துக்கு செஸ் போர்டு மாதிரி பெயின்ட் அடிச்சாங்களே, அதேதான். அதுல ஓப்பன் பிரிவுலயும் பெண்கள் பிரிவுலயும் நமக்கு வெண்கலம். ரெண்டு பிரிவையும் சேர்த்துப் பாத்தா யார் நல்லா ஆடினாங்களோ அந்த நாட்டுக்கு நோனா கப்ரிந்தஷ்விலி கோப்பை. ஜார்ஜியாவைச் சேர்ந்த முன்னாள் பெண்கள் உலக சாம்பியன் அவங்க, கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கின முதல் பெண். அந்தக் கோப்பை இந்தியாவுக்கு வந்துச்சு. அது சுழற்கோப்பை. அடுத்த ஒலிம்பியாடுக்குத் திருப்பிக் கொண்டுபோகணும். 2024 செப்டம்பர்ல புடாபெஸ்ட் போற நேரத்துல தேடினா, கோப்பையைக் காணோம்! நகல் செய்யற அளவுக்குப் போச்சு விஷயம். அந்த புடாபெஸ்ட்லயே குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா டீம் ஓப்பன் தங்கம், ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா, தானியா டீம் பெண்கள் தங்கம். அதனால தொலைச்ச கோப்பையையே திரும்ப ஜெயிச்ச நாடும் நாமதான்.

அந்த நியூஸ் வந்த அன்னைக்கு ஆபீஸ் கேன்டீன்ல நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஒரு கோப்பையைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதான்னு நான்தான் அதிகமா பேசினேன். அப்போ எனக்கு எங்க வீட்டு பீரோ ஞாபகமே வரல.

எங்க வீட்டு பீரோ மேல ஒரு கோப்பை இருந்துச்சு. பித்தளை மேல வெள்ளி முலாம், ஒரு கைப்பிடி ஆடும், அடியில கருப்பு மரக்கட்டை. மரக்கட்டையைச் சுத்தி சின்னச் சின்னத் தகடு, ஒவ்வொண்ணுலயும் வருஷமும் டீம் பேரும். 2007ல ஆரம்பிக்குது. பொங்கல் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் கோப்பை அது. போஸ்டர்ல 'முதல் பரிசு ரொக்கம் மற்றும் நினைவுச் சுழற்கோப்பை'ன்னு போடுவாங்க. இந்த "நினைவு" யாரோட நினைவுன்னா, எங்க பக்கத்துத் தெருப் பையன், நல்ல பவுலர். 2006ல பைக் ஆக்ஸிடென்ட்ல போயிட்டார். அவங்க அப்பா செஞ்சு கொடுத்த கோப்பை. பேரை இங்க சொல்லல, அந்த வீட்டுல வேணாம்னு சொன்னாங்க.

2012ல என் பெரியப்பா பையன், எங்க அண்ணன், அவர் டீம் ஜெயிச்சுது. நான் அப்போ ஸ்கூல் படிக்கிறேன், ஸ்கோர் எழுதினது நான்தான். கோப்பை எங்க வீட்டுக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் டோர்னமென்ட் நடக்கல. கிரவுண்ட்ல பிளாட் கல்லு நட்டுட்டாங்க. நடத்தினவங்க ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் திருப்பூர். அதுக்கடுத்த வருஷம் யாரும் பேச்சே எடுக்கல. கோப்பை அப்படியே பீரோ மேல நின்னுடுச்சு. நான் இன்ஜினியரிங் போனேன், வேலைக்குப் போனேன், கோப்பை அங்கேயே. நடுவுல கொஞ்ச நாள் அம்மா அதுல கரன்ட் பில்லு, கேஸ் ரசீதெல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. 2012 தகடு கூட நாங்க அடிக்கல. அதுக்கான இடம் காலியா, ரெண்டு ஆணி ஓட்டையோட இருந்துச்சு.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தப்போ அந்தப் பையனோட அப்பா, நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம், சர்க்கரை ஆலையில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், தெருவுல நிறுத்தினார்.

"தம்பி, அந்தக் கோப்பை உங்க வீட்டுலதான இருக்குது?"

எனக்கு உடம்பு கூசிப்போச்சு. "இருக்கு மாமா. துடைச்சு இன்னைக்கே கொண்டாந்து கொடுத்துடறேன்"னேன்.

"எங்க ஊட்டுக்கு எதுக்குப்பா? ஊட்டுல போட்டோவே இருக்குது, அதைப் பாத்தே உங்க அத்தை அழுவுறா. சுத்தட்டும்னுதான செஞ்சேன். இவ்ளோ வருஷமா உங்க பீரோ மேல உக்காந்துக்கினு என்னா பண்ணுது?"

கோபமா கேக்கல அவர். சாதாரணமா கேட்டார். அதுதான் தாங்கல. அன்னைக்கு நைட்டு அண்ணன்கிட்ட சொன்னேன். அண்ணன், "டோர்னமென்ட் நடத்துறதுன்னா சும்மாவாடா? கிரவுண்டு, ஃப்ளெக்ஸு, மைக் செட்டு, பரிசுப் பணம், யார் அலையறது"ன்னார். நியாயமான பேச்சுதான். ரெண்டு பேரும் அப்படியே விட்டுட்டோம். நான் சென்னைக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம்தான் அந்த மீட்டிங், அந்த டிராகன். கோப்பை கை மாற டோர்னமென்ட் எதுக்கு? அங்க நாலு பேர் மரத்தடியில மாத்திக்கிறாங்க. இங்க ரெண்டு டீம் இருந்தா போதும். வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சு, ரூலை எழுதிப் போட்டேன். கோப்பையை வெச்சிருக்கிற டீமுக்கு யார் வேணும்னாலும் சவால் விடலாம். சவால் வந்தா 30 நாளைக்குள்ள ஆடணும், ஆடலைன்னா கோப்பை சவால் விட்டவங்களுக்கு. ஜெயிச்ச டீம் அங்கேயே வாங்கிட்டுப் போகணும். பணம் கிடையாது, என்ட்ரி ஃபீஸ் கிடையாது, மூணு தடவை ஜெயிச்சா சொந்தம்ங்கிற கதையும் கிடையாது. மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "கைப்பிடியை ஈயம் வெச்சு ஒட்டிக் கொடு, ஆடுது பாரு"ன்னு மட்டும் சொன்னார்.

மூணாவது நாளே சவால் வந்துச்சு. மலையடிவாரத்துப் பக்கத்து ஊர்ப் பசங்க. கோப்பை செஞ்ச வருஷம் அவங்கள்ல பாதிப் பேர் பொறக்கவே இல்ல. எங்க டீம்னா அண்ணனோட பழைய டீம், அதாவது தொப்பையும் முட்டி வலியும் வந்த ஏழு பேர், ஆள் குறையுதுன்னு நானும் இன்னும் மூணு பேரும். இந்தப் பொங்கல் கழிஞ்ச மறுநாள், தண்ணி வத்தின ஏரி ஓரத்துல ஆடினோம். 8 ஓவர். நாங்க 51 அடிச்சோம். அதுல நான் 2. ஆறாவது ஓவர்லயே அவங்க முடிச்சுட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், அந்த ஆறாவது ஓவர்ல எனக்கு ஒரு நப்பாசை வந்துச்சு. பால் ஏரிக்குள்ள தொலைஞ்சா மேட்ச் நின்னுடுமேன்னு. டிராகனுக்குப் பயந்து லீவு போட்ட அந்த நண்பரை அப்பதான் புரிஞ்சுக்கிட்டேன். பீரோ மேல இருந்தவரைக்கும் நான் திரும்பிக்கூடப் பாக்காத பொருள் அது.

அண்ணன்தான் கொடுத்தார். கொடுக்கறதுக்கு முன்னாடி தன் சட்டையால ஒரு தடவை துடைச்சார். முந்தின நாள்தான் டவுன்ல கொடுத்து 2012 தகடு அடிச்சு மாட்டியிருந்தோம், பக்கத்துலயே காலியா ஒண்ணு. அந்தப் பசங்க கேப்டன், காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பையன், தகட்டையெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சுட்டு, "அண்ணா, 2012க்கு அப்புறம் யாருமே ஜெயிக்கலையா?"ன்னு கேட்டான். அண்ணன் பதில் சொல்லாம என்னைப் பாத்தார். நான் ஸ்கோர் நோட்டைப் பாத்தேன்.

மாமா வந்திருந்தார், சொன்னேனா? கரையில புளியமரத்தடியில உக்காந்து முழு மேட்சும் பாத்தார். முடிஞ்சதும் அவங்க டீம்ல இருந்த இடது கை பவுலரைக் கூப்பிட்டு எந்த ஊர், யார் வீட்டுப் பையன்னு விசாரிச்சார். "ரன்-அப்புல கடைசி ரெண்டு அடி கொறச்சிக்கோ"ன்னார். அவ்ளோதான் பேசினது. கோப்பையைத் தொடல.

பைக்ல ரெண்டு பேர், பின்னாடி உக்காந்தவன் மடியில கோப்பை, மலையைப் பாத்து போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில குரூப்ல பாத்தேன், அவங்களுக்கு ரெண்டு சவால் வந்திருக்கு. ஒண்ணு மணிமுக்தா அணைப் பக்கத்து ஊர்ல இருந்து. ரெண்டு பேர் ஒரே நேரத்துல சவால் விட்டா யாருக்கு முதல் உரிமைன்னு ரூல்ல நான் எழுதவே இல்ல. ரேஸ் கண்டிஷன். தினம் இதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன், இதைக் கோட்டை விட்டிருக்கேன். யார் மெசேஜ் முதல்ல வந்துச்சோ அவங்கன்னு இப்போ மாத்திப் போட்டிருக்கேன், சண்டை இன்னும் ஓயல.

அம்மா கீழ இருந்து கூப்பிடறாங்க, பஸ்ஸுக்கு இட்லி கட்டியாச்சாம். பீரோ மேல வட்டமா தூசு படியாத ஒரு இடம் இருக்கு, அங்க என்ன வெக்கிறதுன்னு காலையில கேட்டாங்க. கரன்ட் பில்லுதான். சரி, அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.